இலையோரத்தில் ஒரு மாத்திரை

அத்தியாயம் 11

"அத்தை, மேல மிதக்குற எண்ணெயை ஒதுக்கிட்டு எனக்கு அடிக்குழம்பா ஊத்துங்க. எனக்குக் கணையத்துல நோய் இருக்கு. மாத்திரையோடதான் நான் சோத்துல கை வைக்க முடியும்."

சத்தமாகத்தான் சொன்னேன். வாயே திறக்கக் கூடாது என்று அம்மா சொல்லி அழைத்து வந்திருந்த விஷயம் இது ஒன்றுதான்.

கறிவாளியோடு என் இலைக்கு முன் குனிந்திருந்த சவரியம்மாள் அத்தை, குனிந்தபடியே நின்றுவிட்டார். என் அண்ணன் லியோன் கட்டிக்கொள்ளப் போகிற நான்சியின் அம்மா அவர். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் அம்மா அருளம்மாள், மேஜைக்கு அடியில் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினாள். பட்டுப்புடவை கனமாக இருந்ததால் தப்பித்தேன்.

நிச்சயதார்த்தப் பந்தியில் மாப்பிள்ளையின் தங்கை குழம்பைக் குறை சொல்கிறாள். அதிலும் நோய் என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்கிறாள். பந்தலில் வாடகை மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

விட்ட இடத்திலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். வேதியியல். பிளஸ் டூ படிக்கும்போது தொடங்கிய வயிற்று வலியை வருடக்கணக்கில் அல்சர் என்றார்கள். காரம் தின்னாதே என்றார்கள். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்றும் சொன்னார்கள். கடைசியில் திருச்சியில் ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கணையத்தில் கல் இருக்கிறது, நாள்பட்ட அழற்சி என்றார். முழுக்கக் குணமாகாது, ஆனால் வைத்துக்கொண்டு வாழலாம் என்றார். கொழுப்பைச் செரிக்க வைக்கும் சாறு என் உடம்பில் போதுமான அளவு சுரப்பதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மாத்திரை.

குடிகாரர்களுக்கு வருகிற நோய் என்று ஊருக்குள் ஒரு பெயர் இதற்கு உண்டு. என்னைப் போல ஒரு சொட்டுக் கூடக் குடிக்காதவர்களுக்கும் வரும் என்பது ஊருக்குத் தெரியாது. ஆகவே அம்மா நோயையே மறைத்துவிட்டாள்.

போன வாரம் திருச்சியிலிருந்து போன் வந்ததும், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்ததும், திங்கட்கிழமை சேர வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா ஆரோக்கியமுத்து அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஞாயித்துக்கெழமை விசேஷத்துல நாலு பேரு மாதிரி சாப்புட்டு, வலி இல்லாம திரும்பி வா. வந்துட்டா அன்னைக்கு சாயங்காலமே திருச்சி பஸ்ஸு ஏறிக்க. வலி வந்துச்சுன்னா இந்தப் பேச்சே இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

அம்மா இன்னொன்று போட்டாள்.

"ஒரு சனத்துக்கும் தெரியக் கூடாது. லியோன் கல்யாணம் முடியற வரைக்கும் ஒன் மாத்திரை, ஒன் வலி, எல்லாம் நம்ம கதவுக்கு உள்ளதான்."

இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. எந்த விசேஷத்துக்குப் போனாலும், கிளம்பும்போதே அம்மா மாத்திரையை என் கையில் வைத்து, "இங்கயே முழுங்கிரு, அங்க போயி பையைத் தொறக்காத" என்பாள். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வேனில் ஏறுவேன். மாத்திரை உள்ளே போய், வேலை எதுவும் இல்லாமல் கரைந்து போய்விடும். அதன் பிறகு பந்தி வரும். சாப்பிடாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்பதற்காக எல்லோரையும் போலச் சாப்பிடுவேன். திரும்பும் வழியில், விராலிமலை தாண்டினதும் ரோட்டோரம் நிற்கும் புளியமரத்தடியில் வேனை நிறுத்துவார்கள். நான் இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுப்பேன். அப்புறம் நாள் கணக்கில் படுக்கை. கக்கூஸில் எண்ணெய் மிதக்கும். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பவர்கள் ஒரு தடவை அனுபவித்துப் பார்க்கட்டும்.

இதை வைத்து எங்கள் வீடு ஒரு சட்டம் எழுதிக்கொண்டது. ஜெனிபருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது. ஜெனிபரால் ஹாஸ்டலில் இருக்க முடியாது. ஜெனிபரால் வேலைக்குப் போக முடியாது.

கடைசியாகப் போனபோது டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார், மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று. சொன்னேன்.

"சமையலுக்கு ஆள் வரச் சொல்லிட்டு, அவர் வந்து காத்திருந்து போன பிறகு அரிசி வாங்கிட்டு வந்தா எப்படிம்மா? முதல் வாய்ச் சோறும் மாத்திரையும் சேர்ந்து போகணும். பாதிச் சாப்பாட்டுல இன்னொண்ணு. இனிமே வலியே வராதுன்னு நான் சொல்லல. ஆனா பாதித் தொல்லையை நீங்களே வாங்கிட்டு வர்றீங்க."

வீட்டுச் சாப்பாட்டில் அன்றிலிருந்து அப்படித்தான் போடுகிறேன், ஏன் என்று அம்மாவிடம் சொல்லாமலே. கழன்று விழுந்துகொண்டிருந்த வளையல் இப்போது மணிக்கட்டில் நிற்கிறது. ஆனால் விசேஷம் என்று வந்ததும் அம்மா பழைய முறைக்குப் போய்விட்டாள். இன்று காலையும் வேன் ஏறும்முன் மாத்திரையையும் செம்பையும் நீட்டினாள். தண்ணீரைக் குடித்தேன். மாத்திரையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் நான்சியின் ஊர். தட்டு மாற்றினார்கள், லியோன் மோதிரம் போட்டான், நான் நான்சிக்குச் சேலையைக் கொடுத்தேன். மாத்திரையை யாரும் பார்க்காமல் வாயில் போட்டுக்கொள்ளலாம் என்று அதுவரை நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வீட்டு வழக்கம் தெரிந்தது. கோயில் உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்ததும் ஒருவரும் இலையில் கை வைக்கவில்லை. நாத்தனார் முதல் கவளம் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டுமாம். அத்தனை பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இனி ஒளிக்க இடமில்லை. கைப்பையைத் திறந்து, மாத்திரையை எடுத்து இலையோரத்தில் உப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகுதான் அத்தையிடம் அதைக் கேட்டேன்.

முதலில் பேசியது நான்சியின் பெரியப்பா அடைக்கலம். அந்த வீட்டில் அவர் சொல்தான் நிற்கும்.

"ஏம்மா, கணையம்னா இந்தத் தண்ணியடிக்கிறவனுக்கு வருமே, அதா?"

"அதேதான் மாமா. ஆனா நான் அடிக்கறதில்ல. ஊதிக் காட்டவா?"

பந்தியின் கடைசி இலையிலிருந்து எங்கள் வேன் டிரைவர் சிரித்துவிட்டு, உடனே தண்ணீர் குடித்தார்.

"சிரிக்கிற சமாச்சாரமா இது? எங்க தெருவுல ஒருத்தன் இந்த நோவுலதான் போய்ச் சேந்தான்."

"அவரு மாத்திரை போட்டாரா, குடிச்சாரா?"

"குடிச்சான்."

"நான் மாத்திரை போட்டுக்கிறேன் மாமா. எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க, சோறு ஆறுது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்துவிடுவதா வேண்டாமா என்று பாதி நாற்காலியில் இருந்தார். சவரியம்மாள் அத்தைதான் அசைந்தார். கரண்டியின் முதுகால் எண்ணெயை ஓரமாகத் தள்ளி, அடியிலிருந்து அள்ளி ஊற்றினார்.

"முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா தனியா ஒரு சட்டியில வச்சிருப்பேனே ஆத்தா. கறி வேணாம்னா கோழியக் கொண்டு வரவா?"

"ரெண்டு துண்டு போதும் அத்தை. நல்ல கறிய ஏன் விடணும்?"

மாத்திரையை நாக்கில் வைத்தேன். மேலே ஒரு கவளம். தண்ணீர். விழுங்கினேன். அந்தப் பந்தலில் எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் இலைக்குப் போனது. இத்தனை பேர் என் மாத்திரைக்காகக் காத்திருந்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

அடைக்கலம் மாமா விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"பரம்பரையா வருமா இது?"

அந்தக் கேள்விதான் அம்மாவை இத்தனை நாள் தூங்கவிடாமல் வைத்திருந்த கேள்வி. பொய் சொல்லத் தோன்றவில்லை.

"செல குடும்பத்துல வருமாம், செலதுல வராதாம். எங்க வீட்டுல எனக்கு மட்டுந்தான். அண்ணன் இந்தத் தடவை சிங்கப்பூர்லருந்து வந்ததும் ஸ்கேன் பாத்தாச்சு, ஒண்ணுமில்ல. நம்பலைன்னா எங்க டாக்டர்கிட்ட நானே ஒங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

"வாயி நல்லா இருக்கு ஒனக்கு."

"வாயில கோளாறு இல்ல மாமா. கணையத்துலதான்."

அவர் இன்னும் ஏதோ கேட்டார், நானும் ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ரசம் வந்தது. அப்போது எதிர்வரிசையில், மாலையோடு உட்கார்ந்திருந்த லியோன், தன் பெரிய மாமனாரின் பேச்சை வெட்டிக்கொண்டு கேட்டான்.

"ஜெனி, ரெண்டாவது போட்டியா?"

மறந்தே போயிருந்தேன். அண்ணனிடம் நான் போனில் எப்போதோ சொன்னது. அவன் உம் கொட்டிக்கொண்டு வேறு எதையோ பார்ப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாண மாப்பிள்ளை, பெண் வீட்டுப் பந்தியில், எல்லோரும் கேட்க, தங்கச்சியின் மாத்திரையை விசாரிக்கிறான். அவனைக் கொஞ்சுவதற்கு இது இடமில்லை என்பதால் மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அடைக்கலம் மாமா அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அப்புறம் மோருக்குக் கை காட்டினார்.

"சரி. கோயில்ல மூணு வாரம் ஓலை வாசிக்கணும்ல. பாப்போம்."

பாப்போம் என்ற சொல்லில் அம்மாவின் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்கும் அந்த மூன்று ஞாயிறுக்குள், தடை சொல்ல நினைப்பவர்கள் சொல்லலாம்.

கை கழுவப் போனபோது நான்சி பின்னாலேயே வந்தாள். புதுச்சேலை மடிப்பு கலையாமல் ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"மதினி, அந்த வலி முதுகு வரைக்கும் பாயுமா?"

"பாயும்."

"முன்னாடி குனிஞ்சு உக்காந்தா கொஞ்சம் கொறையுமா?"

குழாயை மூடினேன். இதைப் புத்தகம் படித்துக் கேட்க முடியாது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள்தான் கேட்பார்கள்.

"யாருக்கு?"

"சும்மாதான் கேட்டேன்." அவள் கண் பந்தல் பக்கம் போய்த் திரும்பியது. அங்கே சவரியம்மாள் அத்தை வாளியை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்சி போய்விட்டாள்.

வேனில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக் கவர் தயாராக மடியில் இருந்தது. ஊர் எல்லை தாண்டினதும் தொடங்கினாள்.

"படிச்ச திமிரு. அண்ணன் வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்ட."

"அண்ணனே ஒண்ணும் சொல்லல."

"அவன் என்ன சொல்லுவான், ஒனக்குன்னா உருகுவான். அந்தாளு பாப்போம்னு சொன்னது ஒங்காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. மறைச்சுக் கட்டி வச்சு, நாளைக்கு நான்சிக்குத் தெரிஞ்சா அவ மட்டும் பாப்போம்னு சொல்லாம இருப்பாளா?"

அம்மா கவரை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு என் முகத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான் ஜன்னலில் சாய்ந்துகொண்டேன். வயிறு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உப்பவில்லை, முறுக்கவில்லை.

விராலிமலை தாண்டியது. புளியமரம் வந்தது. பழக்க தோஷத்தில் டிரைவர் தானாகவே வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நிறுத்தவா தங்கச்சி?"

"வேணாம்ண்ணே. போங்க."

வேன் மரத்தைக் கடந்தது. முன்சீட்டில் இருந்த அப்பா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அம்மா பின்கண்ணாடி வழியாக மரத்தைப் பார்த்தாள், எதையோ அங்கே விட்டுவிட்டு வந்ததைப் போல. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. வருடக்கணக்கில் நான் வாந்தி எடுத்த மரம் அது. அதற்கு ஒரு டாட்டா காட்டினேன். பின்சீட்டில் இருந்த சொந்தக்காரப் பிள்ளைகளும் ஏன் எதற்கு என்று தெரியாமல் சேர்ந்து கையை ஆட்டினார்கள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அப்பாவின் நிபந்தனையில் ஜெயித்து பஸ் ஏறியிருப்பேன். ஆனால் என் கணையத்துக்கு நிபந்தனை எதுவும் தெரியாது.

வீட்டுக்கு வந்து, புடவையை மாற்றி, பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே, உள்ளே எங்கேயோ, மழுங்கின கத்தி ஒன்று மெதுவாகத் திரும்புவதைப் போல. எனக்கு இதில் பல தரம் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டிய தரம் உண்டு, சுவரில் முட்டிக்கொள்ளும் தரம் உண்டு. இது அதெல்லாம் இல்லை. ஒரு வலி மாத்திரையில், தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தால் அடங்குகிற தரம்.

மறைத்திருக்கலாம். பையைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு வாசலைத் தாண்டியிருக்கலாம். ஆனால் பந்தலில் அத்தனை பேர் முன்னால் சொன்னவள், வீட்டுக்குள் எதற்கு ஒளிக்க வேண்டும்?

"அம்மா, வலிக்குது. கொஞ்சமா."

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். பயம்தான் முதலில் தெரிந்தது. நியாயத்துக்குச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது.

"பாத்தியா. நான் சொன்னேனா இல்லையா. கேளுங்க, ஒங்க மகளுக்கு வலி வந்துருச்சு."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்தார், பாதி நிரம்பிய பையைப் பார்த்தார்.

"அப்ப அந்த வேலப் பேச்ச விட்டுரு. போன் போட்டுச் சொல்லிரு."

நான் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தலையணையை வயிற்றில் வைத்து, கட்டிலில் குனிந்து உட்கார்ந்தேன். குனிந்தபடியே பேசினேன்.

"வலிக்கும்ப்பா. இது வலிக்கிற ஒடம்பு. இங்க இருந்தாலும் வலிக்கும், திருச்சியில இருந்தாலும் வலிக்கும். திருச்சியில வலிச்சா சம்பளம் வரும்."

"வெளையாட்டுப் பேச்சு பேசாத. அங்க ராத்திரி துடிச்சா யாரு இருக்கா ஒனக்கு?"

"டாக்டர் அங்கதான இருக்காரு. இங்கிட்டு துடிச்சா அங்கிட்டுதான தூக்கிட்டு ஓடுறீங்க?"

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வலியில்லாம வந்தாதான் போகணும்னு அப்பா சொன்னாருல்ல? நீதான தலையாட்டுன?"

"தலையாட்டுனேன். தப்பான பரீட்சைக்குத் தலையாட்டிட்டேன். வலி இல்லாத ஆளுக்குத்தான் வேலைன்னா நான் சாகற வரைக்கும் இந்தக் கட்டில்லயே உக்காந்திருக்கணும். இன்னைக்கு நான் கறிச்சோறு தின்னேன், நாலு பேருகிட்ட உண்மையச் சொன்னேன், மரத்தடியில எறங்காம வந்தேன். இப்ப வலிக்குது. அரை மணி நேரத்துல போயிரும். இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

வெளியே லியோன் யாரிடமோ போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் குனிந்தே இருந்தேன். கத்தி இன்னொரு தடவை திரும்பியது. அப்புறம் மெல்ல மெல்ல மடங்கியது. நிமிர்ந்தேன். மிச்சத் துணியை அடுக்கி, ஜிப்பை இழுத்தேன்.

"நான் போன்னு சொல்லல," என்றார் அப்பா.

"நானும் போகட்டுமான்னு கேக்கலப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்றேன்."

அவர் எதையோ சுற்றிலும் தேடினார். மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டார்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கோபத்தில் கழுவுகிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டைக் கொண்டுவந்து பையின் மேலேயே வைத்தாள். ரெண்டு இட்லி, எண்ணெய் இல்லாத தேங்காய்த் துவையல். என் முகத்தைப் பார்க்கவில்லை.

தட்டின் ஓரத்தில் ஒரு மாத்திரை இருந்தது.

"பந்தியில பாத்தேன்ல, மொத வாயோட போடணுமாம்," என்றாள் சுவரிடம். "வெறும் வயித்தோட பஸ்ஸு ஏறிட்டு அங்க போயி என்னையச் சொல்லாத."

"இத்தன நாளும் முன்னாடியே குடுத்தியேம்மா."

"எனக்கு எவன் சொன்னான்? நீ டாக்டர்கிட்ட போறப்ப எல்லாம் என்னைய வெளிய ஒக்கார வச்சுட்டுப் போற."

அது உண்மைதான். வாயில் இட்லி இருந்தது, மாத்திரையும் இருந்தது.

சாப்பிட்டு, கை கழுவி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் இன்னும் தாழவில்லை. லியோன் போனை அணைத்துவிட்டு வாசலில் நின்றான். மோதிர விரலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அடைக்கலம் மாமா பேசுனாரு. நாளைக்கு இங்க வாராராம்."

"எதுக்கு?"

"சொல்லல. ஒன்னையத்தான் கேட்டாரு, ஊர்ல இருப்பாளான்னு."

"இருக்க மாட்டான்னு சொல்லிரு. வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு."

அவன் சிரித்தான். அம்மா உள்ளே இருந்து, "போயிச் சேந்ததும் போன் போடு" என்றாள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி பின்னால் வந்துகொண்டிருந்தார், பஸ் ஏற்றிவிட வருகிறாரா, திரும்பக் கூப்பிட வருகிறாரா என்று தெரியாத தூரத்தில். நான் நிற்கவில்லை.

கோயில் திருப்பம் தாண்டும்போது போன் அடித்தது. நான்சி. மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டே எடுத்தேன்.

"சொல்லு மதினி," என்றேன். "யாருக்கு வலி?"